214 கோடியில் ஒரு எல்லைக்கல்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று ராஜாவிடம் பரிசு கேட்டவரின் கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டம் வரை போக வேண்டாம். 31-வது கட்டத்தோடு நிறுத்தி, வைத்த நெல்லையெல்லாம் கூட்டினால் வருவது 214,74,83,647. இந்த வாரம் நம் விருந்தாளி இந்த எண்தான்.

இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்த ஆய்லர் 1772-ல் இதை நிரூபித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போயே விட்டது. நேர்வழியில் போனால் 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை நாலாயிரத்துக்கும் மேல். ஆய்லர் ஒரு சல்லடை கண்டுபிடித்தார். இந்த எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இப்படிச் சலித்ததும் மிஞ்சியவை நூறுக்கும் குறைவு. அவற்றில் ஒன்றுகூட வகுக்கவில்லை!

1811-ல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிதாக யாரும் தேடப்போவதில்லை, இவை வேடிக்கைக்கு மட்டுமே, பயனில்லை என்கிற பொருளில் எழுதினார். 1876-லேயே பிரான்சின் லூக்கா, 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிரூபித்துவிட்டார்.

'பயனில்லாத' எண் கம்ப்யூட்டருக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. 32 பிட் இடத்தில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக, மிச்சம் 31. அதில் எழுத முடிந்த மிகப்பெரிய எண் இதுவே. 2014 டிசம்பரில் 'கங்னம் ஸ்டைல்' பாடலைப் பார்த்தவர்களின் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியதால், யூடியூப் அதற்கு 64 பிட் இடம் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பல கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணியே தேதி சொல்கின்றன. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண் வந்துவிடும். அடுத்த விநாடி, 32 பிட்டில் எண்ணும் பழைய கருவி 1901 டிசம்பருக்குத் தாவிவிடலாம். 64 பிட்டுக்கு மாறிவிட்ட புது போன்களுக்குப் பயமில்லை. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைத்தான் இப்போதே கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

64 பிட்டின் எல்லை 9223372036854775807. விநாடிக்கணக்கில் அது தீர 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் அது பகா எண் அல்ல. வீட்டுப் பிள்ளைகளிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி வராது!