கருவி காட்டும், கணக்குக் கேட்பது யார்?

இன்று பல ஆலைகளில் சாயத்தையும் நீரையும் தானியங்கி இயந்திரங்களே அளந்து ஊற்றுகின்றன. இதனால் கழிவு குறைகிறது. நல்லதே. 2014-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகையையும் கழிவுநீரையும் அளக்கத் தானியங்கிக் கருவிகளைப் பொருத்த ஆணையிட்டது. கருவி வந்தால் மாசு தீர்ந்துவிடுமா?

2019-இல் குஜராத்தின் சூரத்தில் 300-க்கும் மேற்பட்ட ஆலைகளில் இக்கருவிகள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் தூசுக்கு மொத்த உச்சவரம்பும், அனுமதிக்கு விலையும், மீறினால் அபராதமும் வைத்தார்கள். கருவி மட்டுமே இருந்த ஆலைகளைவிட இவற்றில் தூசு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. குறைத்தது கருவியல்ல, கணக்குக் கேட்டதே.

நம் கடலூர் இதை முன்பே அறியும். சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள கிராம மக்கள் பயிற்சி பெற்று, 2004-இல் வாளியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்களைப் பற்றி ஊர் பேசியது.

அப்பகுதி மக்களுக்கு உண்மையைச் சொல்லி, அவர்கள் குரலையும் கேட்க வேண்டும் என்கிறது திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய 'லௌதாத்தோ சி' சுற்றுமடல். நற்செய்தியில் தலைவர் தம் பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்டார். இறைவனின் படைப்புக்காக நாமும் கேட்கிறோமா? சிந்திப்போம்.