ஸ்கோர் எழுதுற தம்பிக்கும் ஒரு கப்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை எங்கட பக்கம் எத்தனை கிரிக்கெட், புட்போல் டோனமென்ட்! கப் தூக்கின படம் பேஸ்புக்கில இருக்கு. யார் எத்தனை கோல் அடிச்சான்? கணக்கு இல்ல. திறமையான பையன் கொழும்புக் கழகமொன்றுக்குப் போனா, காட்ட ஒரு தாளும் இல்ல.

பேஸ்போலைப் பாருங்க. ஹென்றி சட்விக் பத்திரிகையாளர். தொழில்முறை வீரர் அல்ல. 1859இல் அவர் உருவாக்கிய ஸ்கோர் அட்டவணை, ஒவ்வொரு வீரரும் என்ன செய்தார் என்பதைப் பதிவாக்கியது. 1938இல் அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். பில் ஜேம்ஸ், தொழிற்சாலைக் காவலாளி. 1977இல் புள்ளிவிபரங்களைத் தானே புத்தகமாகப் போட்டார். பிறகு, அணிகள் வீரரை எடைபோடும் விதமே மாறிப்போச்சு.

நாங்க கேட்கிறது சின்ன விசயம்தான். ஜேர்சி அடிக்கிற காசில ஒரு கொப்பியும் வாங்குங்க. ஸ்கோர் எழுதுற தம்பியையும் மேடைக்குக் கூப்பிடுங்க.