பொம்மைப் படமும் சுயமரியாதையும்

வாத்து பேசுவதையும், எலி ஓடுவதையும், கிளி சுருட்டுப் பிடிப்பதையும் காட்டுகின்ற பொம்மைப் படங்களைப் பற்றி ஒரு பகுத்தறிவுப் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். "நாட்டில் பேச வேறு விஷயமே இல்லையா? குழந்தைகள் பார்த்துச் சிரிக்கிற சங்கதிக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்பார்கள். நாம் சொல்லும் பதில் இதுதான். மனிதனுடைய மானத்தைக் குறைக்கின்ற காரியங்கள் எல்லாம் பெரிய பெரிய புத்தகங்களின் வழியாகவே வருவதில்லை. பாட்டி சொல்லும் கதையிலும், கூத்தில் வரும் கோமாளியிலும், பாடப் புத்தகத்தின் ஓரத்தில் உள்ள படத்திலும் அவை வருகின்றன. எந்த முகம் அழகு, எந்த முகம் சிரிப்புக்குரியது என்று 5 வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டதை 50 வயதிலும் அது மறப்பதில்லை. ஆகவே சிரிப்பைப் பற்றிச் சிந்திப்பது வீண் வேலை ஆகாது.

மேல்நாட்டுப் பொம்மைப் படங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சியார் இருக்கின்றார்கள். ஒரு கட்சியார், மேல்நாட்டிலிருந்து வந்தது என்றாலே விஷம், கலாசாரம் கெட்டுப்போயிற்று என்று கூச்சல் போடுகின்றவர்கள். மற்றொரு கட்சியார், மேல்நாட்டான் செய்தது என்றாலே உயர்ந்தது, அதில் குற்றம் காண்பது பட்டிக்காட்டுத்தனம் என்பவர்கள். இவ்விரண்டு கட்சியாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாயிருக்கின்றார்கள். அதாவது, பார்க்கின்ற மனிதனுக்கும் ஒரு மூளை உண்டு என்பதை இருவருமே நினைப்பதில்லை. அவன் வாயைத் திறந்தால் விஷமோ அமிர்தமோ ஊற்றிவிடலாம் என்பதாகவே இருவரும் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். இது உண்மையா என்று பார்ப்பதற்குத் தென் அமெரிக்க நாடுகளிலும் மெக்சிகோவிலும் நடந்த சில சங்கதிகளை எடுத்துக்கொள்வோம்.

1941-ஆம் வருஷம். ஐரோப்பாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தென் அமெரிக்க நாடுகள் ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயம் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சர்க்காருக்கு ஏற்பட்டது. அந்த நாடுகளோடு சிநேகம் வளர்ப்பதற்கென்றே நெல்சன் ராக்பெல்லர் என்னும் பெருஞ்செல்வக் குடும்பத்தாரின் தலைமையில் ஒரு தனி இலாகா வைத்திருந்தார்கள். அந்த இலாகாவின் ஏற்பாட்டில், சர்க்கார் உதவியோடு, வால்ட் டிஸ்னி தம் சித்திரக்காரர்களை அழைத்துக்கொண்டு பிரேசில், அர்ஜென்டினா, சிலி முதலிய நாடுகளுக்குப் போனார். அப்பொழுது அவருடைய சொந்தப் பட்டறையிலே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். யுத்தத்தினால் ஐரோப்பிய வியாபாரமும் படுத்திருந்தது. ஆகவே சிநேகத்துக்காக மாத்திரம் போன யாத்திரை அல்ல அது என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்காருக்கு ஒரு காரியம் இருந்தது. கம்பெனிக்கு ஒரு காரியம் இருந்தது. இரண்டும் சேர்ந்து படமாயிற்று. "சலூடோஸ் அமிகோஸ்" என்ற அந்தப் படம் 1942 ஆகஸ்டில் முதல் முதல் ரியோ டி ஜெனிரோ நகரத்திலேதான் காட்டப்பட்டது.

இந்தப் படத்தில் சிலி நாட்டுக்கு என்று ஒரு பாகம். அதிலே சிலியைக் குறிக்க வந்தது ஒரு சின்னஞ்சிறு ஆகாய விமானம். அதன் பெயர் பெட்ரோ. தகப்பன் விமானத்துக்கு ஜலதோஷம். ஆகையால் பிள்ளை விமானம் பயந்து நடுங்கிக்கொண்டு ஆண்டிஸ் மலையைத் தாண்டித் தபால் மூட்டை கொண்டுவருகின்றது. அவ்வளவு பாடும் பட்டுக் கொண்டுவந்த மூட்டையைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு தபால் அட்டை! பார்ப்பவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிலி தேசத்துச் சித்திரக்காரர் ரெனே ரியோஸ் என்பவருக்குச் சிரிப்போடு ஒரு ரோஷமும் வந்தது. இவரைப் பெப்போ என்று அழைப்பார்கள். பிரேசிலுக்கு ஒரு துடியான கிளியைக் கொடுத்தவர்கள், நம் நாட்டுக்கு இந்தப் பயந்தாங்கொள்ளிக் குழந்தையையா கொடுத்தார்கள் என்று அவர் நினைத்தார்.

ரோஷம் வந்தவர் என்ன செய்தார்? தியேட்டரைக் கொளுத்தினாரா? படத்தைத் தடை செய் என்று மகஜர் அனுப்பினாரா? இல்லை. பென்சிலை எடுத்தார். சிலியின் தேசிய முத்திரையில் உள்ள காண்டர் என்னும் மலைக்கழுகைப் பிடித்தார். அதற்கு ஏழைக் குடியானவனின் செருப்பை மாட்டினார். ஒட்டுப்போட்ட கால்சட்டையைப் போட்டார். வேலையும் இல்லாமல் காசும் இல்லாமல் வாய்ச் சாமர்த்தியத்தை மாத்திரம் வைத்துப் பிழைக்கின்ற ஓர் ஆளாக்கி, 1949-இல் ஒரு பத்திரிகையில் உலவவிட்டார். அதுதான் காண்டோரிட்டோ. ஸ்பானிஷ் பேசுகின்ற அமெரிக்க நாடுகள் பலவற்றிலும் அந்தக் கழுகை அறியாத வீடு அபூர்வம். கதை முடிகின்றபொழுது, ஏமாந்தவன் "ப்ளாப்" என்று மல்லாக்க விழுவது அந்த நாடுகளில் பழமொழி போல் ஆகிவிட்டது. அந்தக் கழுகின் பரிகாசங்களிலும் பெண்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் மட்டமானவை உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தன் முகத்தைப் பிறன் வரைந்தது போதாதென்று தானே வரைந்துகொண்ட மனிதனிடம் சுயமரியாதை இருக்கின்றது என்பதை மறுக்க முடியுமா?

இனி அந்தப் பிரேசில் கிளியைப் பார்ப்போம். ஜோசே காரியோகா என்பது அதன் பெயர். தொப்பி, குடை, சுருட்டு எல்லாம் வைத்துக்கொண்டு வந்த அந்தக் கிளியை அமெரிக்கர்கள் விருந்தாளிக்கு வேடிக்கை காட்டும் ஆளாகப் படைத்தார்கள். பிரேசில்காரர்கள் அதைத் தள்ளவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்கள். 1961 முதல் அதன் பேரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. அதற்கு வேண்டிய அளவு கதைகள் அமெரிக்காவிலிருந்து வராமற்போகவே, பிரேசில் சித்திரக்காரர்கள் தாங்களே எழுதவும் வரையவும் ஆரம்பித்தார்கள். வரவரக் கிளி ரியோ நகரத்துக் குன்றின்மேல் உள்ள ஏழைகளின் குடிசையிலே குடியேறிற்று, கடன்காரனைக் கண்டால் ஒளிந்தது, கால்பந்து ஆடிற்று. பத்திரத்தில் சொந்தக்காரன் டிஸ்னி கம்பெனி. ஆனால் அனுபவத்தில் அந்தக் கிளி யாருடையது? குத்தகை நிலத்தில் பாடுபட்டுப் பயிர் செய்தவனைக் கேட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவான்.

நிற்க, இதைச் சொன்னவுடன், "அப்படியானால் மேல்நாட்டுப் படத்தால் யாதொரு கெடுதியும் இல்லை; பார்ப்பவன் எப்படியும் தனக்கு வேண்டிய விதத்தில் மாற்றிக்கொள்வான்" என்று இரண்டாவது கட்சியார் கை தட்டக்கூடும். அவர்கள் அவசரப்பட வேண்டாம். அதே சிலி நாட்டில் 1971-இல் ஏரியல் டார்ப்மன், அர்மான் மாத்தலார் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். டொனால்ட் வாத்தை எப்படிப் படிப்பது என்பதே அதன் விஷயம். அவ்வாத்தின் ஊரில் தாய் தகப்பன் கிடையாது. மாமனும் மருமகன்களும் மாத்திரம் உண்டு. பணம் குவிகின்றது, ஆனால் உழுகின்றவனையும் ஆலையில் உழைக்கின்றவனையும் காணோம். தூர தேசத்துக் கறுப்பு மனிதர்களிடமிருந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு ஊதுகுழலையும் சோப்புக் குமிழையும் கொடுத்தால், அவர்கள் சந்தோஷமாகக் கும்பிடு போடுகின்றார்கள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படிக்கின்ற ஏழை நாட்டுப் பிள்ளை என்ன கற்றுக்கொள்கின்றது என்று அவ்விருவரும் கேட்டார்கள்.

கேட்டதற்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? 1973 செப்டம்பர் 11-இல் சிலியில் இராணுவத்தார் சர்க்காரைக் கவிழ்த்தார்கள். அந்தப் புத்தகம் நெருப்பில் போடப்பட்டது. டார்ப்மன் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தது. 1975-இல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு அச்சாகி அமெரிக்காவுக்குப் போனபொழுது, அந்நாட்டுச் சுங்க இலாகா மூட்டைகளை நிறுத்திவைத்து, கடைசியில் 1,500 பிரதிகளை மாத்திரமே உள்ளே விட்டது. தோழர்களே! பொம்மைப் படம் வெறும் விளையாட்டுத்தான் என்றால், ஒரு வாத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட புத்தகத்தைக் கண்டு துப்பாக்கி பிடித்தவன் ஏன் பயந்தான்? சுங்கச் சாவடிக்காரன் ஏன் பயந்தான்? விளையாட்டுச் சாமான் என்று நம்மிடம் சொல்லுகின்றவர்கள், தங்களுக்குள் அதை விளையாட்டாக நினைக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

ஆனால் அந்தப் புத்தகத்திலும் ஒரு குறை உண்டு. அதைப் பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்களும் எடுத்துக்காட்டியிருக்கின்றார்கள். ஆசிரியர்கள் வாத்துக் கதையை வரிவரியாக ஆராய்ந்தார்களே தவிர, அதைப் படித்த பிள்ளைகளை உட்காரவைத்து, "நீ என்ன நினைத்தாய்?" என்று கேட்கவில்லை. பாமர மக்களுக்காகப் பேசுகின்ற படிப்பாளிகளுக்கு இது ஒரு வழக்கமான வியாதி. நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்கள் அல்ல. ஆகையால் இந்த வியாதியைத் தூரத்திலிருந்தே மணம் பிடித்துவிடுவோம்.

இதற்கு மெக்சிகோ எலியின் கதையே சாட்சி. ஸ்பீடி கன்சாலஸ் என்ற அந்த எலி, அகலத் தொப்பி போட்டு மின்னல் வேகத்தில் ஓடும். 1955-இல் வந்த அதன் படம் ஆஸ்கர் பரிசும் பெற்றது. அந்தப் படத்தில், பாலாடைக்கட்டி ஆலை சர்வதேச எல்லைக்கு அந்தப்புறம் இருக்கின்றது. எல்லையில் பூனை காவல். இந்தப்புறம் மெக்சிகோ எலிகள் பசியோடு நிற்கின்றன. ஸ்பீடி பூனையை முட்டாளாக்கிக் கட்டியைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுக்கின்றது. 1999-இல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க் என்ற டெலிவிஷன் கம்பெனி, மெக்சிகோ மக்களைக் கேவலமாகக் காட்டுகின்றது என்று சொல்லி இந்த எலியின் படங்களை நிறுத்திற்று. அப்பொழுது, "எங்கள் எலியைத் திருப்பிக் கொடு" என்று கேட்டவர்கள் யார்? ஸ்பானிஷ் வம்சத்து மக்களேதான். 2002-இல் எலி திரும்பி வந்தது. எல்லைக் காவலனை ஏமாற்றிப் பசித்தவனுக்குச் சோறு கொண்டுவருகின்றவன், பசித்தவன் கண்ணுக்குக் கோமாளியாகத் தோன்றுவானா, வீரனாகத் தோன்றுவானா? ஆபீசில் உட்கார்ந்திருந்த எஜமானர்களுக்கு இது புரியவில்லை.

இருந்தாலும் மற்றொன்றையும் சொல்லிவிடுகின்றோம். அந்த எலிப் படங்களில் ஸ்பீடி ஒருவன் கெட்டிக்காரன். கூட இருக்கின்ற எலிகள் பலவும் சோம்பேறிகளாகவும் குடிகாரர்களாகவும் காட்டப்படுகின்றன. ஒருவனைத் தூக்கிவைத்து ஒரு கூட்டத்தையே மட்டந்தட்டுகின்ற இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. "உங்களில் இவன் ஒருவன் நல்லவன்" என்று சொல்லுகின்றபொழுது மற்றவர்களைப் பற்றி என்ன சொல்லியாகின்றது? சிரித்தவன் ஏமாந்தவன் என்று சொல்ல நாம் தயாராயில்லை. ஆனால் சிரித்தவனுடைய சிரிப்பு, வரைந்தவனுக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்தவனையே நாம் பகுத்தறிவுள்ள பார்வையாளன் என்போம்.

நம் வீட்டுச் சங்கதியும் கொஞ்சம் உண்டு. அமெரிக்காவில் 2000-இல் வந்த டோரா என்ற பெண்குழந்தை, 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியின் வழியாக நம் வீடுகளில் தமிழ் பேசினாள். அவள் குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் வந்தது. நரி திருடவரும்பொழுது டோராவோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் கூச்சல் போட்டார்கள். அவள் எந்த நாட்டுக் குழந்தை என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை. அவள் தலையில் குடுமியும் இல்லை, கையில் திரிசூலமும் இல்லை. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கின்ற ஒரு பெண்! சாபமும் வரமும் இல்லாமல் புத்தியைக் கொண்டு ஆற்றைக் கடக்கின்றவளை அந்நியள் என்று தள்ள வேண்டும் என்பவர்களுக்கு நாம் உடன்பட முடியாது. ஆனால் நம் சேரிப் பிள்ளையின் முகத்தையும், நெசவாளி வீட்டுப் பெண்ணின் முகத்தையும் அவ்வளவு அன்போடு வரைந்து கொடுக்க நம்மவர் எத்தனை பேர் முன்வந்தார்கள் என்று கேட்காமலும் இருக்க முடியாது.

ஆகவே நாம் சொல்லுவது சுருக்கம். படத்தைத் தடுக்காதீர்கள், தடுத்த படத்தைப் பிள்ளை அடுத்த வீட்டில் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். முடிந்தபிறகு பிள்ளையை மூன்று கேள்வி கேளுங்கள்: "இதை வரைந்தது யார்? இதற்குப் பணம் போட்டது யார்? இதில் சிரிப்புக்கு ஆளானவன் யார், அவன் ஏன் அப்படி இருக்கின்றான்?" பிறகு அதன் கையில் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுங்கள். சிலி நாட்டுச் சித்திரக்காரர் ஒருவர் ஒரு சின்ன விமானத்தைக் கண்டு ரோஷப்பட்டு ஒரு கழுகைப் படைத்தார். நம் பிள்ளைகளுக்கு ரோஷமும் உண்டு, கையும் உண்டு. காகிதம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.