பள்ளிக்கும் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்

மதுரை கோரிப்பாளையத்தில் அரசினர் இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அங்கே அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டரிடம், "பஞ்சு எத்தனை கட்டு வந்தது? மின்சாரக் கட்டணம் கட்டியாகிவிட்டதா?" என்று யாரும் கேட்பதில்லை. நிர்வாகத்தைக் கவனிக்க நிலைய மருத்துவ அலுவலர் இருக்கிறார்; மருந்துக் கிடங்குக்கு ஆள் இருக்கிறார்; கணக்குக்குத் தனி அலுவலகம் இருக்கிறது. கத்தி பிடிக்கும் கை கணக்கு நோட்டையும் பிடிக்க வேண்டியதில்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இந்த நியாயம் ஏன் எட்டவில்லை?

தலைமையாசிரியர் ஒருவரின் ஒரு நாள் வேலையை எண்ணிப் பார்த்தால் போதும். சம்பளப் பட்டியல், கருவூலத்துக்குப் போக வேண்டிய பில், ஆசிரியர்களின் பணிப்பதிவேடு, இலவசப் பாடநூல், சைக்கிள் ஆகியவற்றின் இருப்புக் கணக்கு, எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம், ஒழுகும் கூரை, வராத தண்ணீர், தணிக்கைக்குக் காட்ட வேண்டிய வவுச்சர்கள்! இவற்றுக்கிடையே பாடம் நடத்த நேரம் கிடைத்தால் அது அவருடைய அதிர்ஷ்டம், பிள்ளைகளுடைய அதிர்ஷ்டமும்கூட. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்காவது இளநிலை உதவியாளர் பணியிடம் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு அதுவும் இல்லை.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்வியல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால், பள்ளிக்கு உள்ளேயே குவிந்து கிடக்கும் கல்வியல்லாத வேலையை யார் செய்வது?

கணக்கில் பிழை, உயிரில் நஷ்டம்

நிர்வாகம் என்றால் ஏதோ காகித விவகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகி மாண்டனர். 2021 டிசம்பர் 17ஆம் தேதி நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். அடுப்பு எங்கே இருக்க வேண்டும், சுவரின் உறுதியை யார், எப்போது பார்க்க வேண்டும் என்பவை பாடத்திட்டக் கேள்விகள் அல்ல, நிர்வாகக் கேள்விகள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் தனியார் பள்ளிகளுக்குக் கட்டாயம். அந்தச் சான்றைக் கோப்பில் வைத்துக் கட்டுவதோடு நில்லாமல், அதில் எழுதியிருப்பது கட்டடத்திலும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கப் பழகிய கண் ஒன்று பள்ளிக்குத் தேவை.

நம் மாநிலம் இந்த வழியில் ஏற்கனவே ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவு பெற்றபோது, அரிசி பருப்புக் கணக்கை ஆசிரியர் தலையில் கட்டவில்லை. சத்துணவு அமைப்பாளர் என்று தனிப் பதவி உண்டாயிற்று. சோற்றுக்கு ஒருவரை வைத்தவர்கள், மற்றவற்றுக்கும் ஒருவரை வைக்கலாமல்லவா?

பயிற்சி எங்கே?

இன்று இருப்பது அரைகுறைப் பயிற்சியே. தலைமையாசிரியராகப் பதவி உயர்வு பெற விரும்பும் ஆசிரியர்கள், தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளை எழுதுகிறார்கள். சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு அவற்றில் ஒன்று. விதிகளை அறிய அது உதவும். கட்டடத்தையும் பணத்தையும் ஆட்களையும் சேர்த்து நடத்தும் கலையை அது கற்றுத் தராது. தேர்வாணையத்தின் மூலம் வரும் இளநிலை உதவியாளர்களுக்குப் பவானிசாகரில் பயிற்சி உண்டு. ஆனால், அது எல்லாத் துறையினருக்கும் பொதுவானது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கல்வி நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் வழங்குகிறது. டில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனமும் பள்ளித் தலைமைக்கான பட்டயப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1910லேயே பள்ளிக் கணக்கு அதிகாரிகள் சங்கம் கண்டார்கள். இங்கிலாந்தில் 2000இல் பள்ளித் தலைமைக்கெனத் தேசியக் கல்லூரி தொடங்கி, பள்ளி மேலாளர்களுக்குத் தனிச் சான்றிதழ்ப் படிப்பே நடத்தினார்கள். நமக்கும் இது அடியோடு அந்நியமல்ல. மிஷன் கல்லூரிகளில் 'பர்சார்' என்ற பதவி நெடுங்காலமாக உண்டு. பிரின்சிபால் படிப்பைப் பார்ப்பார். பர்சார் பணத்தைப் பார்ப்பார்.

கோரிப்பாளையத்தைச் சுற்றி, 1881இல் பசுமலையில் பிறந்த அமெரிக்கன் கல்லூரியும், மீனாட்சி அரசினர் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மதுரைக் கல்லூரிகளில் வணிகவியல் படித்து வெளியேறும் இளைஞர்களும் பெண்களும் வங்கித் தேர்வையும் தேர்வாணையத்தையும் விட்டால் வேறு வழி தெரியாமல் திகைக்கிறார்கள். அவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றைக் காமராசர் பல்கலைக்கழகமும் இக்கல்லூரிகளும் கூடி வகுத்தால் என்ன?

ரொக்கப் புத்தகம் எழுதுவது, கருவூல நடைமுறை, வருங்கால வைப்பு நிதி, 2009ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம், 2012ஆம் ஆண்டுப் பள்ளி வாகன விதிகள், கட்டடப் பராமரிப்பு, தீ விபத்துத் தடுப்பு ஆகியவை பாடமாக வேண்டும். கடைசி 3 மாதம் ஏதேனும் ஒரு பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பழக வேண்டும். மாசிலாத வவுச்சரும் மழைக்கு ஒழுகாத வகுப்பறையும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அங்கேதான் கற்க முடியும்.

இரு ஆட்சேபங்கள்

"மானேஜர் வந்தால் பள்ளி கடையாகிவிடும்" என்பார்கள். பயம் நியாயமானதே. ஆகவே, மேலாளர் தலைமையாசிரியரின் கீழ்தான் இருக்க வேண்டும். எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும். அதைச் சிந்தாமல் சிதறாமல் செய்து முடித்துக் கணக்குக் காட்டுவது மேலாளர். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கு புரியும்படி எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால்தான், கூலி வேலை செய்யும் தாயும் அங்கே எழுந்து கேள்வி கேட்பாள்.

"இரண்டு ஆசிரியர் பள்ளிக்கு மேலாளரா?" என்பது மற்றொரு கேள்வி. ஒவ்வொரு பள்ளிக்கும் தேவையில்லை. குறுவள மையத்துக்கு ஒருவரை வைத்தால், அவர் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் வாரத்தில் ஒரு நாள் போய் வரலாம்.

சம்பளச் செலவு ஆகும் என்பது மெய். ஆனால், ஆசிரியரின் சம்பளத்தைக் கொடுத்துக் குமாஸ்தா வேலை வாங்குவதும் செலவுதான். அந்தச் செலவு எந்தத் தணிக்கையிலும் தெரிவதில்லை. பிள்ளைகளின் வாசிப்பில்தான் தெரிகிறது. கல்வி இலாகா மதுரை மாவட்டத்தில் சில குறுவள மையங்களையேனும் தேர்ந்தெடுத்து, வருகிற கல்வியாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கட்டும். தலைமையாசிரியர் வகுப்பறைக்குத் திரும்பினாரா என்பதே அந்தச் சோதனையின் மதிப்பெண்.