மறுப்புக் கடிதம் முடிவல்ல



வைத்தியச் செலவைக் கேட்டு விண்ணப்பித்தவருக்கு 'நிராகரிக்கப்படுகின்றது' என்று கடிதம் வந்தால், எமது லயங்களில் பெரும்பாலும் ஒன்றுதான் நடக்கிறது. கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் போகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அடகு வைத்த தோடு மூழ்கிப் போகிறது. "நமக்கு அவ்வளவுதான்" என்று பேச்சும் முடிகிறது.

அது முடியக் கூடாது என்பதே எமது நிலைப்பாடு.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.டி.எஃப்., யாரும் போடும் பிச்சையல்ல. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, எமது சம்பாத்தியத்தின் 3 வீதத்துக்குச் சமமான தொகையை நிர்வாகம் தன் கையிலிருந்து எமது பெயரில் கட்ட வேண்டும். எமது சம்பளத்தில் வெட்ட முடியாது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணில் வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு அந்த நிதியிலிருந்து உதவி கேட்கும் உரித்து அங்கத்தவருக்கு உண்டு.

மறுப்புக்கு வழக்கமாக மூன்று காரணங்களைக் காண்கிறோம்.

முதலாவது, பெயர். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, செக்றோலில் வெறும் லெட்சுமி. ஒரே ஆள் மூன்று ஆளாகி நிற்கிறார். இவை எல்லாம் ஒருவருடைய பெயரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, தோட்டக் காரியாலயத்தின் உறுதிக் கடிதத்தையும் இணைத்து மீண்டும் அனுப்புங்கள்.

இரண்டாவது, பத்திரக் குறை. மூலப் பற்றுச்சீட்டு இல்லை, வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டை இல்லை, வைத்தியரின் கையொப்பம் இல்லை. குறைந்ததைப் பெற்று இணைத்தால் போதும். மூலப் பத்திரங்களைக் கொடுக்கும் முன் போட்டோப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பங்களிப்பு கட்டப்படாமை. இதில் தொழிலாளியின் தவறு எதுவுமில்லை. நிர்வாகம் கட்டாத பணத்துக்கு நோயாளி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? சம்பளச் சீட்டுகளுடன் சங்கத்துக்கு வாருங்கள். நிலுவையை அறவிடும்படி நிதிச் சபையிடம் முறைப்பாடு செய்வது எமது வேலை.

கடிதத்தில் காரணம் தெளிவாக இல்லையா? எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்டு விண்ணப்பித்தால், அதைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கடிதம் சிங்களத்தில் வந்து புரியவில்லையா? தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே இடம் தருகிறது. வாசிக்க முடியாத கடிதத்தை வைத்துக்கொண்டு நாட்களைக் கடத்த வேண்டாம். காலக்கெடு யாருக்கும் காத்திருக்காது.

மீண்டும் அனுப்பும்போது பழைய கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் மேலே எழுதுங்கள். எந்தக் குறையைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். "நான் முடித்துத் தருகிறேன், பாதி கொடு" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாம், பதினோராம் தரம் படிக்கும் பிள்ளை இந்தப் படிவத்தை நிரப்பும். பிள்ளையின் படிப்பு வீட்டுக்கும் உதவட்டும்.

நிர்வாகங்களிடம் எமது கோரிக்கை இரண்டு. செக்றோலில் உள்ள பெயர்களை அடையாள அட்டையுடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒவ்வொருவருக்கும் கட்டிய ஈ.டி.எஃப். விபரத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொழிலாளர் கையில் கொடுங்கள். நோய் வந்த பிறகு ஓடித் திரிவதை விட இது இரு தரப்புக்கும் இலகு.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் வரும் பிரட்டுக்களத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "யார் வீட்டில் மறுப்புக் கடிதம் இருக்கிறது?" ஆள், திகதி, காரணம் மூன்றையும் ஒரு கொப்பியில் பதிந்து கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் தனியாக அனுப்பும் கடிதத்தை மேசையில் தூக்கிப் போடலாம். ஒரே தோட்டத்திலிருந்து இருபது கடிதங்கள் சங்கத்தின் முத்திரையுடன் போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கடிதத்தை இன்றே வெளியே எடுங்கள்.