செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்: லாபம் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு

பழைய பார்ட்ஸ் வாங்கி, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து, லாபம் வைத்து விற்கிறவர்களைப் பற்றி எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி இருக்கிறது. "குப்பையில பொறுக்கினத விக்கிறானுங்க, எல்லாம் ஃப்ராடு" என்பது ஒரு கட்சி. "பிசினஸ்னா அப்படித்தான் மச்சான், வாங்கறவன்தான் பார்த்து வாங்கணும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியுமே தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. அடிக்க வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வந்து அடிக்கவும்.

முதலில் "எல்லாம் ஃப்ராடு" கட்சி.

கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் எல்லாம் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? மொத்தமாக லாட் பேசி வாங்குகிறவர்கள் மூலம் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களுக்குத்தான் வரும். அதில் ஒன்றை ஒருவன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். தூசி தட்டுகிறான். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவுகிறான். சீமாஸ் பேட்டரி மாற்றுகிறான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுகிறான். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு ராமைச் சோதிக்கிறான். பழைய ஓனரின் ஃபைல்கள் இருந்தால் வெறும் ஃபார்மேட்டோடு விடாமல், டிஸ்க் முழுக்க மேலெழுதி அழிக்கிறான். ஒரு மாசம் வாரண்டியும் தருகிறான். நடுவில் போர்டு செத்தால் நஷ்டம் அவனுக்கு.

இதற்கு அவன் 2,000 ரூபாய் வைத்தால் திருட்டா? கிழிந்த பேன்ட்டை ஆல்டர் செய்கிற டெய்லர் கூலி வாங்குகிறார். மெக்கானிக் வாங்குகிறார். இவன் மட்டும் தர்மத்துக்கு வேலை செய்ய வேண்டுமா? 2025 கடைசியில் புது ராம் விலை எகிறியது எல்லோருக்கும் தெரியும். புதுசு வாங்க முடியாதவன் வீட்டுக்கும் ஒரு கம்ப்யூட்டர் போகிறதென்றால், அது இந்த மாதிரி ஆட்களால்தான். உழைப்புக்கும் ரிஸ்க்குக்கும் காசு வாங்குவது நியாயம். முதல் கட்சிக்கு இவ்வளவு போதும்.

இப்போது "பார்த்து வாங்கணும்" கட்சிக்கு வருவோம். எதைப் பார்ப்பது சாமி?

ஒன்று. "ஐ7, 16 ஜிபி, ஜம்முனு ஓடும்" என்று விளம்பரம். எந்த ஐ7? கோர் ஐ7 2600 என்பது 2011 ஜனவரியில் வந்தது. நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3 12100-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஆனால் அந்த "சின்ன" ஐ3, இந்த "பெரிய" ஐ7-ஐ ஓட ஓட விரட்டும். கூடவே "புது போர்டு சார்" என்பார்கள். போர்டு புதுசாகவே இருக்கட்டும், அதில் இருக்கிற எச்61 சிப்செட் 2011 சரக்கு.

இரண்டு. விண்டோஸ். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை பெட்டிகளைக் கம்பெனிகள் கழித்துக் கட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பெட்டிகள் மோசமில்லை, லினக்ஸ் மின்ட் போட்டால் அழகாக ஓடும். ஆனால் செக்கிங்கைத் தாண்டுகிற குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி, கிராக்கும் போட்டு, "ஒரிஜினல் விண்டோஸ்" என்று விற்பதற்கு என்ன பெயர்?

மூன்று. கிராபிக்ஸ் கார்டு. 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ மாதிரி பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைப்பார்கள். விண்டோஸும் அப்பாவியாக அந்தப் பெயரையே காட்டும். இது எவ்வளவு பெருகியது என்றால், ஜிபியு-இசட் என்கிற இலவச சாஃப்ட்வேரில் போலி கார்டைக் கண்டுபிடிக்கவே 2018-ல் தனி வசதி சேர்த்தார்கள்.

நான்கு. ஹார்ட் டிஸ்க். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று ஸ்மார்ட் ரீடிங்கில் பார்க்கலாம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். 30,000 காட்டினால், மூணரை வருஷம் ராப்பகலாக உழைத்த டிஸ்க் என்று அர்த்தம். ஆனால் அந்த ரீடிங்கையே பூஜ்யமாக்குகிறவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஐரோப்பாவில் புதுசு என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடிய பழசு என்று வெளியே வந்தது. இடையில் யாரோ ஸ்மார்ட் கணக்கை அழித்திருந்தார்கள். டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் ஃபார்ம் என்கிற இன்னொரு பதிவில் உண்மைக் கணக்கு இருந்ததால் மாட்டினார்கள்.

இதையெல்லாம் யார் "பார்த்து" வாங்குவது? முதல் வருஷம் சேர்ந்த பையனா? வீட்டுக்கே முதல் கம்ப்யூட்டர் வாங்குகிற அவன் அப்பாவா?

எங்கள் ஹாஸ்டலில் இந்த வருஷம் ஒரு ஜூனியர், "அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒரு சீனியரிடம் 15,000 ரூபாய்க்கு "ஐ7" வாங்கினான். மேலே சொன்ன அதே 2600. அந்தக் காசு அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. வேலைக்காகாத மெஷினை விற்றது கடைக்காரர் இல்லை, கூடவே மெஸ்ஸில் சாப்பிடுகிற நம்ம ஆள். அண்ணா என்று கூப்பிடுகிறவனிடம் மாடல் நம்பரை மறைத்துச் சம்பாதிப்பதற்கு பிசினஸ் என்று பெயர் வைக்காதீர்கள்.

பழைய பைக் வாங்கப் போனால் என்ன கேட்போம்? எந்த வருஷ மாடல், எத்தனையாவது ஓனர், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஆர்சி புக் எங்கே. கேட்காதவனை ஊரே சிரிக்கும். அதே ஆள் கம்ப்யூட்டர் வாங்கும்போது "ஸ்பீடா இருக்குமா?" என்று மட்டும் கேட்கிறார். காரணம், கம்ப்யூட்டருக்கு ஆர்சி புக் இல்லை. அதனால் விற்கிறவன்தான் எழுதித் தர வேண்டும் என்கிறேன். ஒரே ஒரு பக்கம் போதும்:

- ப்ராசஸர், போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ். முழு மாடல் பெயரும், எது புதுசு, எது பழசு என்பதும்
- டிஸ்க் ஓடிய மணிக்கணக்கு
- விண்டோஸ் 11-க்குத் தகுதி உண்டா, லைசென்ஸ் உண்டா
- என்ன ரிப்பேர் செய்தது, எத்தனை நாள் வாரண்டி
- கையெழுத்து போட்ட பில்

இது என் சொந்தக் கற்பனை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதுசு என்று காட்டி விற்பதை நியாயமற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் இருப்பதையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது.

"இதெல்லாம் எழுதிக் கொடுத்தா எவன் வாங்குவான்?" என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் அந்த விலைக்கு விற்காது என்றால், அந்த விலையே பொய். 2600 என்று எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற விலை வைத்தால், படம் பார்க்க, டைப் அடிக்க, பைத்தான் கற்றுக்கொள்ள என்று வாங்குகிறவன் சந்தோஷமாக வாங்குவான். நாளைக்குத் தம்பிக்கும் உங்களிடமே வருவான். மறைத்து விற்றால் ஒரு தடவைதான் வருவான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஐ7" என்று ஒருவர் சொன்னால், அடுத்து வருகிற நம்பரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிஸ்கி: நம்ம ஹாஸ்டலில் மாடல் நம்பரோடு சீட்டு எழுதிக் கொடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பதிவு உங்களைப் பற்றி இல்லை அண்ணா. உங்களுக்கு இன்னும் ஒரு ஐந்நூறு சேர்த்தே கொடுக்கலாம் :-)