ஃபிளெமிங்டன் சுவருக்கு வெளியே இருப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மெல்பேர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ரோஜாத் தோட்டம், தொப்பி அலங்காரம், 1861-இல் முதல் கோப்பையை வென்ற ஆர்ச்சர், 1930-இல் வென்ற ஃபார் லாப் எல்லாம் வந்திருந்தன. பந்தயம் நடக்கும் ஃபிளெமிங்டன் மைதானத்துக்குள் வெள்ளம் புகாமல் தடுக்க ஆற்றோரம் எழுப்பிய சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

1840-இல் ஃபிளெமிங்டனில் குதிரைகள் ஓடத் தொடங்கியதற்குக் காரணமே மரிபிர்னாங் ஆறுதான். வெள்ளம் வந்து வந்து வண்டல் படிந்த சமவெளி, பந்தயத்துக்கு வாகான தரை. சதுப்பாகக் கிடந்ததை மைதானத்தை நடத்தும் விக்டோரியா ரேசிங் கிளப்பின் அந்நாள் செயலாளர் பேகட் வடிகால் போட்டுத் திருத்தினார். ஆனாலும் அது ஆறு பெருகினால் நீர் பரந்து நிற்கும் இடம்தான்.

2004-இல், சுற்றியுள்ள நகர மன்றங்கள் எதிர்த்தும், சுவருக்கு மாநில அரசு அனுமதி கொடுத்தது. 2007-இல் கட்டி முடித்தார்கள். 2022 அக்டோபர் 14 அன்று ஆறு கரைபுரண்டபோது மரிபிர்னாங் பகுதியில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் நீர் புகுந்தது. ஓடுபாதை தப்பியது. நவம்பர் 1-ஆம் தேதி கோப்பைப் பந்தயமும் குறித்தபடி நடந்தது. வீட்டுச் சாமான்களைத் தெருவில் குவித்துவிட்டு நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அன்றைய மழைக்குச் சுவர் இல்லாவிட்டாலும் பல வீடுகள் மூழ்கியிருக்கும். சுவருக்கு ஈடாக வெள்ளத் தணிப்பு வேலைகள் செய்திருப்பதாகக் கிளப்பும் சொல்கிறது. ஆனால் தேங்க இடம் மறுக்கப்பட்ட நீர் வேறெங்காவது ஏறித்தான் ஆக வேண்டும். வாசற்படி வரை வந்துவிட்ட வெள்ளம் இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தால் போதும், ஒரு குடும்பம் மாதக்கணக்கில் வாடகை வீட்டில் கிடக்க. மைதானம் இருப்பதோ அரசு நிலத்தில். பொது நிலத்தைக் காக்கத் தனியார் வீடுகளை ஆபத்தில் வைப்பது என்ன நியாயம்?

மாநில மேலவைக் குழு 2022 வெள்ளத்தை விசாரித்தபோது இந்தச் சுவரும் விசாரணைப் பொருளாக இருந்தது. விசாரித்ததோடு நின்றுவிடக் கூடாது. சுவர் தடுக்கும் நீர் முழுவதற்கும் ஆற்றுக்கு வேறு இடம் தர வேண்டும். முடியாதென்றால் பெருவெள்ளத்தின்போது மதகு திறந்து மைதானத்தின் நடுவெளிக்குள் நீரை விட வேண்டும். பந்தயத்தைத் தள்ளிப்போடலாம்.

மேற்குப் புறநகர்களில் நம்மவர் பலர் வீடு வாங்கியிருக்கிறோம். அவரவர் தொகுதி உறுப்பினருக்கு இதை எழுதும்படி உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மெல்பேர்ன்